பை முழுக்க நீலம்

எனக்குப் போட்டோ அனுப்பாதீர்கள்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பளபளவென்று ஒரு நீல மீன், கீழே "மேடம், இது என்ன கோபி?" என்று ஒரு வரி. இப்போது போனே சொல்லிவிடுகிறதாம். தொட்டிக்கு நேராகக் கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் வந்திருக்கிறது. நான் விட்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஷாலினி அதைத்தான் வைத்திருக்கிறாள். ஆப் சொன்னது சரிதானா என்று பார்த்துச் சொல்ல மட்டும் நான் வேண்டும். நான் பதில் போடாததால், மீன் வளர்ப்போர் சங்கத்து மலருக்காவது எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதுகிறேன். ஆப்புக்கு நிறம் தெரியும். நிறத்தைப் பார்த்து நாங்கள் ஒரு மனிதனை என்ன செய்தோம் என்பது அதற்குத் தெரியாது.

என் வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் அலங்கார மீன்களைப் பெட்டி பிரித்ததும் பார்த்து, பையில் எழுதியிருக்கும் மீன்தான் உள்ளே இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பெங்களூரில் ஹென்னூர் பக்கம் தகரக் கூரை போட்ட பெரிய ஷெட். என் வீடு இருந்த லிங்கராஜபுரத்திலிருந்து ஒரே பஸ். விலங்கியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே முடித்தேன்.

கோபி என்பது நம் ஊர் உளுவைதான். கழிமுகத்தில் பிடித்துக் குழம்பு வைப்பார்களே, அந்தச் சாதி. ஆனால் தீவுகளில், மலையிலிருந்து கடலுக்கு ஓடும் சிற்றாறுகளில் இருக்கும் கோபிகள் விரல் நீளம்கூட இராது. நீலம், பச்சை, செம்பு, மயில் கழுத்து நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு நகை. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. பெங்களூரில் கோபி என்றால் தள்ளுவண்டியில் மஞ்சூரியன் போடுவது. நீ மட்டும்தான் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாய் என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் அதே ஜோக். நான் சிரித்ததில்லை.

அலங்கார மீன் தொழிலில் எல்லோரும் பொய் சொல்வார்கள். பிடிக்கிறவன் ஆற்றின் பெயரை மாற்றிச் சொல்வான். அனுப்புகிறவன் விலை போகும் மீனின் பெயரை எழுதிவிட்டு நாலு சாதியைக் கலந்து போடுவான். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கோபிக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தே, நல்ல தண்ணீரில் வளரும் என்று கடைக்காரன் விற்பான். மீன் செத்தால் உங்கள் தண்ணீர் சரியில்லை என்பான். பாசி தின்னும் கோபி என்று எழுதிய பையிலிருந்து அகல வாய் வைத்த ஒருவன் வந்து, வாடிக்கையாளரின் இறால்களை எல்லாம் ஒரு வாரத்தில் தின்று தீர்த்த கதையும் உண்டு. அதனால் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் அதை ஒழுங்காகச் செய்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் மூர்த்தி சார். மல்லேஸ்வரத்துத் தமிழர், மூன்று தலைமுறையாக இந்த ஊர். அப்பா சர்க்கார் உத்தியோகம். வாயில் பாதி கன்னடம் வரும். வெள்ளைச் சட்டை, மடித்த கை. மீன் பார்க்க உட்காருமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். கடிகாரத்தின் பளபளப்பைப் பார்த்து மீன் மிரளும் என்பார். மிரண்ட மீன் பொய் சொல்லும் என்பார். சிரிக்க மாட்டார். திட்டவும் மாட்டார். நாம் சொன்னது தப்பாக இருந்தால் பதிலே வராது. நாமாகவே திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு பையைக் காட்டி என்ன பார்த்தாய் என்று கேட்டார். நீலமாக ஒன்று, பழுப்பாக மூன்று என்றேன். அவர் எழுந்து போய் ஒரு சிவப்புக் கண்ணாடித் தாளைக் கொண்டுவந்தார். கல்யாண மண்டபத்து விளக்கில் ஒட்டுவார்களே, அதுபோல. அதை விளக்கின் மேல் சுற்றினார். நீலம் போய்விட்டது. நாலு மீனும் ஒரே கரிய நிறம்.

"இப்ப சொல்லும்மா. நிதானமா நோடி, பார்த்துச் சொல்லு."

அன்றிலிருந்து அதுதான் முறை. நிறத்தை முதலில் அணைத்துவிட வேண்டும். பிறகு மீனை ஒடுக்கமான கண்ணாடிப் பெட்டியில் விட வேண்டும். பெட்டி இரும்பு ஸ்டாண்டின் மேல் இருக்கும், அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி சாய்த்து வைத்திருக்கும். கோபிக்கு அடித்துடுப்பு இரண்டும் ஒட்டி ஒரு சின்னக் கிண்ணம் போல இருக்கும். அதை வைத்துத்தான் வெள்ளத்தில் பாறையைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் விட்டால் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுத் தட்டக் கூடாது. ஒட்டியதும் கீழிருந்து பார்க்க வேண்டும். வாய் அடியில் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா? உதடு தடிப்பா? கிண்ணம் வட்டமா, நீளமா? பிறகு பக்கத்திலிருந்து முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ண வேண்டும். கடைசியாக, மலவாய்க்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன முளை. ஆணுக்கு அது கூராக இருக்கும். பெண்ணுக்கு மழுங்கி, உருண்டையாக இருக்கும். நிறம் மாறும், பருமன் மாறும், அந்த முளை மாறாது. கீழிருந்து பார்க்காமல் ஒரு பையைக்கூட மூர்த்தி சார் வாங்கியதில்லை. கண்ணாடி வைத்து ஆளை வேவு பார்க்கிற கிழவன் என்று டிரைவர்கள் அவரைச் சொல்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நிறத்தைப் பற்றி நானாகத் தெரிந்துகொண்டது இன்னொன்று. ஷெட்டின் மூலையில் நீளமான தொட்டி ஒன்றை ஓடை மாதிரி வைத்திருந்தேன். ஒரு பக்கத்திலிருந்து பம்ப் தண்ணீரை அடிக்கும், உருண்டைக் கற்கள் நிறைய. அதில் நீல கோபி ஆண்களை விட்டேன். ஒருவன் மட்டும் நீலமாக இருந்தான். பெரிய கல்லின் மேல் உட்கார்ந்து முதுகுத் துடுப்பைப் பாய்மரம் போல விரித்துக்கொண்டு யார் வந்தாலும் வாயைப் பிளந்து விரட்டுவான். மற்றவர்கள் பழுப்பாக, பெண்களைப் போலவே கோடு போட்டுக்கொண்டு, ஓரத்துக் கல்லில் பாசியைச் சுரண்டிக்கொண்டு இருந்தார்கள். தபால் ஆபீசில் முத்திரை குத்துவதுபோல விடாமல் குத்திக் குத்திச் சுரண்டும். ஒருநாள் பெரியவன் செத்துப்போனான். அடுத்த இரண்டு நாளில் ஓரத்தில் இருந்த ஒரு பழுப்பு, கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து நீலமாகிவிட்டது. நான் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதாவது, இந்த மீனில் பெண்ணுக்கு நீலம் வராது, ஆணுக்கு அது பதவி. ஒரு தொட்டியில் எல்லோரும் அதிகாரியாக இருக்க முடியாது. நெருக்கி அடைத்த பையில் சுத்தமாக முடியாது. பையைப் பிரித்தால் ஒன்றிரண்டு மங்கலான நீலம், மீதி பழுப்பு. அதுதான் நியாயமான பை.

இனி அந்த விஷயம்.

வெளிவட்டச் சாலையில் ஒரு ஐடி கம்பெனி. வாசல் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஓடைத் தொட்டி வேண்டும், அதில் நீல கோபி மட்டும் வேண்டும், எல்லாம் நீலமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்படி இருக்காது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். முதலாளி சொல்லவில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு தொழிலுக்கு வந்த சின்ன வயசுக்காரர் அவர். முடியாது என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. எங்கிருந்தோ ஒரு புது சப்ளையரைப் பிடித்தார். பெட்டிகள் வந்தன.

பிரித்தார்கள். பை முழுக்க நீலம். ஒன்றுகூடப் பழுப்பு இல்லை.

நான் எதிர் வரிசையில் வேறு சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூர்த்தி சார் முதலாளியின் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடிகாரத்தைக் கழற்றவில்லை. சிவப்புத் தாளை எடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி ஸ்டாண்டிலேயே காய்ந்து கிடந்தது. மேலிருந்து பார்த்தார், தலையை ஆட்டினார், சரக்கு தொட்டிக்குப் போயிற்று. முதலாளி போனதும் கிட்டப் போய், எல்லாமே நீலமாக இருக்கிறதே, எல்லாம் ஆணா என்று கேட்டேன்.

"ஆண் மட்டும்தானே கேட்டாங்க. அனுப்பியிருக்கான். விடும்மா."

விடும்மா என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் எனக்கு மேலே இருப்பவர். விட்டேன்.

ஐந்து மீனை மட்டும் ஷெட்டில் இருப்பு வைத்துக்கொண்டு மீதியை ஐடி கம்பெனித் தொட்டியில் விட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை போய்க் கண்ணாடி துடைத்து, தண்ணீர் மாற்றும் வேலை அன்வருக்கு. பிரேசர் டவுன்காரன். நாற்பது தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் ஷெட்டில் தொட்டிக்குள் கை விட்டால் மீன் ஓடாது என்றால் அது அன்வரின் கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வளர்த்த கப்பி என்னும் சின்ன மீன்களைச் சிவாஜிநகரில் விற்பான். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

முதல் வாரம் கூடம் முழுக்க நீலம் என்று முதலாளிக்குப் போட்டோ வந்தது. பிறகு ஒவ்வொரு வாரமும் நீலம் குறைந்தது. இங்கே இரண்டு பழுப்பு, அங்கே நாலு பழுப்பு. ஒரு மாதம் கழிந்த பிறகு கூடம் முழுக்கக் காய்ந்த புளியங்கொட்டை நிறம். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். முதலாளி தானே போய் ஒரு பழுப்பு மீனைப் பிடித்து வந்து என் மேஜையில் வைத்தார். இது நாம் கொடுத்த மீனா?

சிவப்புத் தாளைப் போட்டேன். ஒட்டும்வரை காத்திருந்தேன். கீழிருந்து பார்த்தேன். அதே சாதி. முளை மழுங்கல். பெண்.

பார்த்ததைச் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதே சாதி, பெண் என்றேன்.

முதலாளிக்கு அவ்வளவு போதும். நாம் கொடுத்தது ஆண். அங்கே இருப்பது பெண். இங்கே இருப்பு வைத்த ஐந்தும் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. வாரா வாரம் வாளியும் பையுமாக அந்தத் தொட்டிக்குப் போய்வந்தவன் ஒரே ஆள். அவனுக்குச் சிவாஜிநகரில் வியாபாரம் வேறு. விலை போகும் ஆணை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத பெண்ணைக் கொண்டுபோய் விட்டிருக்கிறான்.

அன்வரைக் கூப்பிட்டார்கள். அவன் கை ஈரத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். பேக்கிங் மேஜையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். முதலாளி அவன் தோள்பையை வாங்கி மேஜையில் கவிழ்த்தார். டிபன் டப்பா, மூக்குக் கண்ணாடி, தொழுகைத் தொப்பி, ஒரு பழைய சார்ஜர், கப்பித் தீனி ஒரு பாக்கெட். மீன் இல்லை. அந்தத் தீனிப் பாக்கெட்டை மட்டும் முதலாளி எடுத்து வைத்துக்கொண்டார், அதுவே சாட்சி என்பதுபோல. அன்வர் என்னைப் பார்க்கவில்லை. மூர்த்தி சாரைப் பார்த்தான். அவர் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய உபகாரம் என்றார் முதலாளி. அன்று சாயங்காலத்துக்குள் மீன் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் போய்விட்டது. பெயர் போடாமல், ஆனால் யாரென்று எல்லோருக்கும் புரியும்படி. இந்த ஊரில் வேறு எந்த ஷெட்டும் இனி அவனைத் தொட்டிக்குப் பக்கத்தில் விடாது. மீனைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது.

நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். ஏன் படக் கூடாது? மீனுக்குப் பக்கத்தில் இருந்தவன் அவன். கம்பெனியில் வேறு யாராவது எடுத்திருப்பார்களோ என்றும் யோசித்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சிவாஜிநகருக்கு பஸ் ஏறினேன். அன்வர் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கப்பிப் பைகளைக் கம்பியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"அக்கா, நீங்களும் செக் பண்ண வந்தீங்களா?"

"ஆமா."

"பண்ணுங்க."

ஒவ்வொரு பையாக எடுத்து வெயிலுக்கு நேராகக் காட்டினான். நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கப்பிதான். பின்னால் இருந்த வாளியையும் அவனே நகர்த்தித் திறந்தான். தண்ணீர். பக்கத்துக் கடைக்காரன் கிளிக்கூண்டு துடைத்துக்கொண்டே, என்ன பாய், வருமான வரியா என்று கேட்டான். அன்வர் சிரித்தான். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. திருடியதை எவன் கடைத்தெருவில் தொங்கவிடுவான்? அந்தத் தொட்டியில் என்னதான் நடந்தது, முதல் நாளிலிருந்து சொல் என்று அவன் விரிப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். பாசி நன்றாகப் பிடித்திருந்தது, மீன்கள் நன்றாகச் சுரண்டின, ஒன்றும் சாகவில்லை. நிறம் வாலிலிருந்து போக ஆரம்பித்தது. பிறகு ஒன்று சொன்னான்.

"ஒரு விஷயம் அக்கா. உங்க மூலைத் தொட்டில ஆம்பளைங்க என்னா சண்டை போடும். அங்க ஒரு நாள்கூட சண்டை இல்ல. எல்லாம் நீலமா ஒரே கல்லுல குந்தினு இருந்துச்சு, கல்யாணத்துக்கு வந்த பொம்பளைங்க மாதிரி."

எழுந்து நடந்துவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஷெட் திறந்ததும் இருப்புத் தொட்டிக்குப் போனேன். சின்னத் தொட்டி, ஐந்து நீலம், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிம்மதியாக இருந்தன. ஒருவன்கூடத் துடுப்பை விரிக்கவில்லை. எவனும் எவனையும் விரட்டவில்லை. தொட்டிக்கு மேலே ஒரு டப்பா இருந்தது. சப்ளையர் சரக்கோடு அனுப்பிய பச்சைப் பொடி. புது இடத்துக்குப் பழகும்வரை இதையே போடுங்கள் என்று அவன் சொன்னதால் இங்கே தினமும் அதைப் போட்டார்கள். கம்பெனித் தொட்டியில் மீன் கல்லில் இருந்த பாசியைத் தின்றது.

ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு மாற்றினேன். ஒட்டிற்று. குனிந்து கீழே பார்த்தேன். மழுங்கல். அடுத்தது. மழுங்கல். ஐந்தும் பெண்கள். ஆண் ஹார்மோனைத் தீனியில் கலந்து கொடுத்து நிறம் ஏற்றியிருக்கிறான் அந்தச் சப்ளையர் பாவி. தீனி நின்றதும் நிறம் இறங்கியிருக்கிறது. கூடத்தில் இருந்தவை நாங்கள் கொடுத்த அதே மீன்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடுகில் பாதி அளவு முளை, எதைக் கூர் என்பது, எதை மழுங்கல் என்பது? அது உங்கள் அபிப்பிராயம் என்றார். கண்ணுக்கு முன்னால் நீலமாக இருப்பதைப் பெண் என்றால் வாடிக்கையாளர் சிரிப்பான் என்றார். பிறகு, இந்த ஐந்தையும் இன்றைக்கே பேக் செய்து கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு நல்லெண்ணத்துக்கு இருக்கட்டும் என்றார். டப்பாவையும் கூடவே கொடுத்தனுப்பச் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் அவர் மேலேயே சந்தேகம் வந்தது. டப்பாவை ஏன் கொடுத்தனுப்ப வேண்டும்? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஐந்தும் வாசலைத் தாண்டினால் அன்வருக்காகச் சொல்ல ஷெட்டில் ஒன்றும் மிஞ்சாது.

பேக் செய்கிறவன் வலையோடு வந்தான். நான் அவனுக்கு முன்னால் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். கிண்ணத்தில் விட்டுக் கிராம்பு எண்ணெய் ஊற்றினேன். மீன் சாய்ந்து, செவுள் நிற்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். இத்தனை வருஷத்தில் மீனைப் பிழைக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நல்ல மீன் ஒன்றை நானாக எடுத்துக் கொன்றது அதுதான் முதல். நீலம் அப்படியே இருந்தது. பிளேடை எடுத்துக்கொண்டு பேக்கிங் மேஜைக்குப் போனேன். எல்லோரும் வாருங்கள் என்றேன். வந்தார்கள். நான் கூப்பிட்ட விதத்தில் வராமல் இருக்க முடியாது.

வெள்ளைத் தட்டில் வைத்து வயிற்றைக் கீறினேன். உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சளாக, வற்றிப்போய், ஆனால் மணி மணியாக. வீட்டில் மீன் கழுவுகிற எந்தப் பெண்ணுக்கும், எந்த ஆணுக்கும் அது என்னவென்று தெரியும். டிரைவர், "முட்டை, அக்கா" என்றான். நான் லென்ஸை எடுத்து மூர்த்தி சாரிடம் நீட்டினேன்.

அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். செத்த மீனுக்கு எதற்கு அது? பழக்கம். நிதானமாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பெண்தான்."

"சரக்கு வந்த அன்னிக்குப் பார்த்தீங்களா சார்?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் லென்ஸைத் துடைத்தார்.

"அன்னிக்கு வெளிச்சம் சரியா இல்லம்மா."

சிவப்புத் தாள் சுற்றி, இருட்டு மாதிரியான வெளிச்சத்தில், வாழ்நாள் முழுக்க மீன் பார்த்த மனிதர். அவருக்கு வெளிச்சம் போதவில்லையாம். ஓய்வு வயது தாண்டியும் முதலாளி தயவில் இருந்தார், அது தெரியும். அதற்காகத்தானா, முதலாளி முன்கூட்டியே சொல்லி வைத்தாரா, இல்லை நிஜமாகவே களைத்துப்போய் ஒருநாள் குனியவில்லையா? எனக்குத் தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்த நிலையை மட்டும் நான் நம்பவில்லை. பார்க்க விரும்பாதவன்தான் அப்படிக் கையைக் கட்டிக்கொள்வான்.

முதலாளி, சரி, தவறான புரிதல், அன்வரை வரச் சொல்லுங்கள் என்றார். குரூப்பில் எழுதுவீர்களா என்று கேட்டேன். பழசைக் கிளற வேண்டாம் என்றார். கம்பெனிக்கு மீன் பயணக் களைப்பில் நிறம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டார். அந்தச் சப்ளையரிடமிருந்து பெட்டிகள் வருவது நிற்கவில்லை. கோபிக்குப் பதில் வேறு மீன் வந்தது. நான் ஓய்வு பெறும்வரை அவன் பை ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன்.

பிரேசர் டவுனுக்கு நானே போனேன். அன்வரின் மனைவி டீ கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், மூர்த்தி சார் சொன்னது உட்பட. அன்வர் கேட்டுக்கொண்டான்.

"எல்லார் முன்னாடியும் சொன்னாரா அக்கா, நான் எடுக்கலன்னு?"

"இல்ல. வரச் சொன்னாரு, அவ்ளோதான்."

"பையைக் கொட்டினது எல்லார் முன்னாடியும்தானே."

போகாதே என்றேன். வேறு எங்கே போவது என்று கேட்டான். மறுநாள் வந்தான்.

வந்த அன்று சாயங்காலம், கிளம்பும் நேரத்தில், முதலாளி அறைக்குள் போனான். தோள்பையை அவர் மேஜையில் கவிழ்த்தான். டிபன் டப்பா, மூக்குக் கண்ணாடி, தொப்பி, சார்ஜர். ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினான். திரும்பப் பையில் போட்டுக்கொண்டு சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். முதலாளி முதலில் சிரித்தார், பிறகு வேண்டாம் என்றார், பிறகு கோபப்பட்டார். அன்வர் குரலை உயர்த்தவே இல்லை. பரவால்ல பாஸ், பாத்துக்குங்க என்பான். விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தாலும் கவிழ்த்தான். மரியாதையாகப் பையைக் காட்டுகிற ஆளை எந்தக் காரணம் சொல்லி நிறுத்துவது? கடைசியில் முதலாளி அன்வர் கிளம்பும் நேரத்துக்கு முன்னால் காரை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார்.

அறை பூட்டியிருந்த முதல் நாள், அன்வர் ஒரு நிமிஷம் கதவுக்கு முன்னால் நின்றான். பிறகு திரும்பி எங்கள் பக்கம் வந்தான். என் மேஜையைத் தாண்டினான். மூர்த்தி சார் கண்ணாடிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் பையைக் கவிழ்த்தான்.

"எனக்கு எதுக்குப்பா, பேடா, வேண்டாம்" என்றார் அவர். தலையைத் திருப்பிக்கொண்டார்.

அன்வர் கை நீட்டி மேஜை விளக்கைப் போட்டான்.

"பாருங்க சார்" என்றான். "இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு."